ஏவலுக்கு வைத்த செல்லப்பெயர்

அந்தக் காலத்தில், கணினிக்குள் குடியிருந்த கருவிகளும் வாய் திறந்து பேசின. அவற்றுள் ஏவலன் என்பவன் மிகக் கண்டிப்பானவன். கறுப்புத் திரையில் ஏவலை முழுமையாக எழுதினால் இமைப்பொழுதில் செய்து முடிப்பான். ஓர் எழுத்துத் தவறினாலும், "பிழை. முதலிலிருந்து எழுதுக" என்பான்.

ஆற்றில் வெள்ளம் உயர்ந்தால் கரையோரத்து ஏழு ஊர்களிலும் அபாயச் சங்கை ஊதவைக்கும் நிரலை எழுதியவள் நாகவல்லி. ஒரு மழைநாள் முற்பகலில் அதில் ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்தாள். மீட்டரில் வரும் அளவை அடி என்று எண்ணிக்கொண்டு, வெள்ளம் வந்தாலும் நிரல் வாளாவிருக்கும். உடனே திருத்திவிட்டாள். ஆனால், திருத்தியதை ஏழு ஊர்க் கணினிகளிலும் தனித்தனியே ஏற்றினால்தான் சங்கு ஊதும். மலையிலோ மழை கொட்டுகிறது; அவள் வலக்கையிலோ மாவுக்கட்டு.

இடக்கையால், 'திருத்திய நிரலை ஊர்க் கனிணியில் ஏற்றுக' என்று எழுதினாள்.

"பிழை. எது இரண்டு சுழி, எது மூன்று சுழி என்று பார்த்து எழுதுக."

"நகருங்கக்கா, நான் அடிக்கிறேன்" என்று உடன் வேலை செய்யும் இமானுவேல் பாய்ந்தான். அவசரத்தில் 'எற்றுக' என்று அடித்துவிட்டான்.

"எற்றுதல் என்றால் உதைத்தல். கணினியை உதைக்க எனக்குக் கால் இல்லை, ஐயா."

"இவன் இலக்கணம் பேசி முடிக்கிறதுக்குள்ள ஆறு வாசலுக்கு வந்துடும்!" என்று சலித்துக்கொண்டான் இமானுவேல்.

ஒருவாறு முதல் ஊருக்கு ஏற்றி முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. இன்னும் ஆறு ஊர்கள். நாகவல்லி நிமிர்ந்தாள்.

"ஏவலா, ஏட்டுல என் பேர் நாகவல்லி. அம்மா 'வல்லி'ன்னு கூப்பிட்டா, அது நானில்லைன்னா சொல்றேன்? இந்த ஏவலுக்கும் ஒரு செல்லப்பேர் வைக்கிறேன். முழுப்பேர் முழுப்பேராவே இருக்கட்டும்."

ஏவலன் இணங்கினான். "வையுங்கள், அம்மையே. ஒரு பெயருக்கு இருவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, அவ்வளவே."

"அப்ப, 'ஏ'."

"ஏற்றவா? ஏறக்கட்டவா?"

இமானுவேல் பதறிக் குறுக்கிட்டான். ஏறக்கட்டினால் எல்லா ஊர்ச் சங்கும் ஒரேயடியாக நின்றுபோகும். "அதுக்கு 'ஏற்', இதுக்கு 'ஏற'ன்னு வைங்கக்கா."

"புள்ளி ஒண்ணு விட்டா ஏழு ஊரும் போயிடும், தம்பி."

ஏவலனின் பட்டியலில் அவள் ஒரே ஒரு வரி சேர்த்தாள்: ஏற்றுவதற்கு 'ஏற்'. ஏறக்கட்டுவதற்குப் பெயரே வைக்கவில்லை. "அதை நினைக்கிறவங்க முழுசா எழுதட்டும். எழுதுறதுக்குள்ள புத்தி வந்துடும்."

"இதுவல்லவோ இலக்கணம்!" என்றான் ஏவலன். அவன் ஒருவரைப் புகழ்ந்தது அதுவே முதல் முறை.

ஆறு ஊர்களுக்கும் ஆறு முறை 'ஏற்'. ஆறாவதை அடித்து அவள் கையை எடுக்குமுன் வெள்ளம் அபாய அளவைத் தொட, ஏழு ஊர்ச் சங்கும் ஊதின. வெள்ளம் தெருவில் நுழைந்தபோது, மக்கள் ஆடுமாடுகளோடு மேட்டில் நின்றிருந்தார்கள்.

அன்று முதல்தான், கறுப்புத் திரைக் கருவிகள் அன்றாட ஏவல்களுக்கு ஈரெழுத்துச் செல்லப்பெயர் சொன்னாலும் ஓடிவருகின்றன. ஏறக்கட்டும் ஏவலுக்கு மட்டும் முழுப்பெயரையும் எழுதச் சொல்லிக் காத்து நிற்கின்றன.