தெருக்கோடி வீட்டு மோர்

"சாமி, கட்டின ஊர் காலியாகுது" என்றார் திருமேனித் தச்சர். வண்டியை விட்டு இன்னும் இறங்கக்கூட இல்லை, அதற்குள் சொல்லிவிட்டார்.

சாமி சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"முதல்ல இறங்கும் ஓய். சாப்பிட்டுட்டு அழலாம்."

தச்சருக்குத் தலை நரைத்துவிட்டது. சாமிக்கு இன்னும் மீசைகூட நரைக்கவில்லை. சீடன் மூத்தவர், குரு இளையவர். அதனால்தான் அந்த 'ஓய்'. தச்சருக்கும் அப்படிக் கூப்பிட்டால்தான் பிடிக்கும்.

ஆனால் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆள் அரவமில்லாத ஒரு கடற்கரையைக் காட்டி, "இங்கே எனக்கு ஒரு பட்டினம் வேண்டும்" என்று அரசர் சொல்லியிருந்தார். தச்சர் கட்டிக் கொடுத்தார். அலை ஏறாத மேட்டில் வீடுகள். காற்று வந்து போகத் தோதான தெருக்கள். கப்பல் ஒதுங்கத் துறை. உள்நாட்டிலிருந்து குடிகளை அழைத்து வந்து ஏற்றியும் ஆயிற்று. வந்தவர்கள்தான் தங்கவில்லை.

"நாளைக் காலையில இன்னும் நாலு வண்டி கிளம்புது சாமி. பௌர்ணமிக்கு அரசர் வந்து ஊருக்குப் பேர் வைக்கணும். வெறும் சுவருக்கா பேர் வைப்பார்? என் பதவி போனாப் போகட்டும். பெத்த பிள்ளை மாதிரி பார்த்துப் பார்த்துக் கட்டின ஊர்..."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன குறையாம் அவங்களுக்கு?"

"ஒரு குறையும் இல்லைங்கிறாங்க. சொல்லிக்கிட்டே மூட்டை கட்டுறாங்க."

சாமி எழுந்து கை கழுவினார். மோர்ப்பானையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

"பானை எதுக்கு சாமி?"

"மோர் இல்லாம எனக்குச் சோறு இறங்காது. உமக்குத் தெரியாததா? ஓட்டச் சொல்லும்."

வழி நெடுக பானையை மடியிலேயே வைத்திருந்தார். பள்ளம் மேடு வரும்போதெல்லாம் பானையைத்தான் பிடித்தார், தன்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. தச்சருக்குக் கவலையிலும் சிரிப்பு வந்தது.

ஊரைப் பார்த்ததும் சாமி அசந்துபோனார்.

"அடேயப்பா! கையா ஓய் இது? கண்ணு பட்டுடும்."

"உள்ள பாருங்க சாமி. வீட்டுக்கு வீடு கிணறு, அம்மி, உரல், பால் பசு. யாரும் யார் வாசல்லயும் போய் நிக்க வேண்டாம்."

"யாரும் நிக்கலதான்" என்றார் சாமி.

தெரு துடைத்துப்போட்டது போலக் கிடந்தது. ஆள் இருந்த வீடுகளிலும் கதவு சாத்தியே இருந்தது.

தெருக்கோடி வீட்டு வாசலில் மட்டும் மூட்டைகள் கட்டிக் கிடந்தன. நெசவுக்காரர் வீடு. அவர் மனைவி செங்கமலம் கடைசி மூட்டைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சாமி பானையை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினார்.

"தாயி, தாகமா இருக்கு. கொஞ்சம் மோர் குடேன்."

அவள் முகம் வாடிவிட்டது.

"மோர் இல்லையே சாமி. பால் வேணும்னா தர்றேன். நல்ல பசு, குறை சொல்ல முடியாது. உறை ஊத்தத்தான் உறைமோர் இல்ல. வர்ற வழியிலேயே வெயில்ல கெட்டுப்போச்சு. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பார்த்தேன், பால் திரிஞ்சுதான் போச்சு."

"பக்கத்து வீட்டுல கேக்குறதுதானே?"

"அது எப்படி சாமி? அவங்க பேரே தெரியாது. இத்தனையும் குடுத்து வெச்சிருக்காரு தச்சர். இதுக்கு மேல ஒரு கரண்டி மோருக்குப் போய் நின்னா என்ன நெனப்பாங்க?"

தச்சர் துள்ளிக் குதித்தார்.

"அட, இவ்வளவுதானா! அம்மா, முன்னாடியே சொல்லக் கூடாதா? நாளைக்கே தலைநகர்ல இருந்து வீட்டுக்கு ஒரு சட்டி உறைமோர்..."

சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

"குடியைக் கெடுத்தீரே ஓய்! வாயை மூடும்."

வண்டிக்குப் போய்ப் பானையைத் தூக்கி வந்தார். அப்படியே செங்கமலத்தின் கையில் கொடுத்தார்.

"அவ்வளவும் இவங்களுக்கா?" என்றார் தச்சர். "மத்த வீடுகளுக்கு?"

"மத்தவங்களுக்குக் கால் இல்லையா?"

செங்கமலம் பானையை அணைத்துக்கொண்டு நின்றாள்.

"யாராவது வந்து கேட்டா குடுப்பியா தாயி?"

"கேட்டா குடுக்காம? என்ன பேச்சு சாமி இது!"

திரும்பி வரும்போது சாமி தெரு நெடுக, உப்பு விற்கிறவர் மாதிரி கூவிக்கொண்டே வந்தார். "தெருக்கோடி வீட்டுல உறைமோர் இருக்கு! தெருக்கோடி வீட்டுல உறைமோர் இருக்கு!"

தச்சருக்கு மானம் போயிற்று.

துறையோரம் தச்சர் தங்கியிருந்த கொட்டகையில், பொழுது சாயும் நேரத்தில் இலை போட்டார்கள். சாமி சோற்றைப் பிசைந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"மோர் எங்க ஓய்?"

"நல்லா கேட்டீங்க! பானையோட தூக்கிக் குடுத்துட்டு வந்தது யாரு?"

"போய்க் கொஞ்சம் வாங்கிட்டு வாரும்."

தச்சர் அசையவில்லை.

"என்னால முடியாது சாமி. எங்கம்மா ஒரு குடம் தண்ணிக்கு ஊரார் கிணத்துக்கிட்ட காத்துக் கிடப்பா. தொடக் கூடாது. யாராவது மனசு வெச்சு ஊத்தணும். நான் கட்டுற ஊர்ல ஒருத்தரும் அப்படி நிக்கக் கூடாதுன்னுதான் வீட்டுக்கு வீடு கிணறு வெட்டினேன். நான் யார் வாசல்லயும் போய் நின்னதில்ல."

சாமி இலையை விட்டு எழுந்தார். சோற்றுக் கையை வேட்டியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தச்சரின் தோளைத் தொட்டார்.

"அந்தக் கிணறுகள் இருக்கட்டும் ஓய். அதுக்கு உம்ம காலைத் தொட்டுக் கும்பிடணும். இப்ப மோருக்குப் போயிட்டு வாரும். எனக்குப் பசிக்குது."

தச்சர் போனார்.

தெருக்கோடி வாசலில் ஆளுக்கொரு கிண்ணத்தோடு பெண்கள் நின்றிருந்தார்கள். மோர் வாங்கியவர்களும் போகாமல் நின்றார்கள். எந்த ஊர், எந்தப் பக்கம், கடல் காத்து உங்க பிள்ளைக்கு ஒத்துக்கிச்சா என்று ஒரே பேச்சு. மூட்டைகளின் மேலேயே இரண்டு பேர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தச்சர் கடைசியில் நின்றார். அவர் முறை வந்தது.

"எனக்கும்... கொஞ்சம் மோர்" என்றார்.

செங்கமலம் முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தாள்.

"நீங்களா! வாங்க வாங்க. கிண்ணம் எங்க?"

தச்சர் தன் வெறுங்கையைப் பார்த்தார். கேட்கப் போகிறவன் கிண்ணம் கொண்டு போக வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

பெண்கள் சிரித்துவிட்டார்கள். தச்சரும் சிரித்தார்.

செங்கமலம் மூட்டை ஒன்றை அவிழ்த்தாள். தன் வெண்கலக் கிண்ணத்தை எடுத்து, வழிய வழிய ஊற்றி நீட்டினாள்.

"கிண்ணத்த நாளைக்குக் கொண்டு வந்து குடுங்க போதும்."

"நாளைக்கா? காலையிலதான் உங்க வண்டி..."

"எந்த வண்டி?" என்றாள் செங்கமலம்.