செங்காலி எழுந்திருக்கவில்லை

அந்தக் காலத்தில், காட்டு உயிர்கள் ஒன்றோடொன்று பேசிப் பழகியபோது, பூரான்கள் முட்டையிட்ட இடத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஓடுவதும் இரை பிடிப்பதுமே அவற்றின் பிழைப்பு.

மழை ஓயாத ஒரு காட்டில், பலாமரத்தடிச் சருகுக்குள் வாழ்ந்த செங்காலி என்ற பூரானுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. முட்டையிட்ட இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பூஞ்சை படர்ந்து முட்டைகள் அழுகிக் கிடக்கும். காட்டில் பிறப்பதெல்லாம் பிழைக்காது, மறந்துவிடு என்று பக்கத்தில் குடியிருந்த மரவட்டை ஆறுதல் சொன்னாள். செங்காலியால் மறக்க முடியவில்லை.

அடுத்த முறை முட்டையிட்டதும் அங்கேயே காத்திருந்தாள். விடிந்தபோது ஒரு முட்டையின்மேல் பூஞ்சை மெல்லிய நூலாக முளைத்திருந்தது. என் பிள்ளைகளை விட்டுவிடு என்று கெஞ்சினாள்.

பூஞ்சை கோபமில்லாமல் பதில் சொன்னது: "யாரும் தொடாமல் கிடப்பதெல்லாம் எனக்குத்தான். தொட ஆள் இருந்தால் எனக்கு அங்கே வேலை இல்லை."

செங்காலி குனிந்து அந்த நூலை நக்கி எடுத்தாள். பிறகு எல்லா முட்டைகளையும் ஈரமண்ணிலிருந்து தூக்கித் தன் கால்களுக்குள் அள்ளிக்கொண்டு, அவற்றைச் சுற்றி வளையமாகச் சுருண்டாள். ஒவ்வொன்றையும் நக்கித் துடைத்தபடியே கிடந்தாள். பசி வயிற்றைக் கிள்ளியது.

ஒரு நாள் மழை விட்டதும் ஈசல் கிளம்பியது. காடே விருந்துண்டது. மரவட்டை ஓடிவந்து, ஒரு வாய் தின்றுவிட்டு வா, அதுவரை நான் காவல் இருக்கிறேன் என்றாள்.

"நான் எழுந்தால் இவர்கள் ஈரத்தில் விழுவார்கள், அக்கா. ஈசல் அடுத்த மழைக்கும் வரும்."

சொல்லிவிட்டுச் செங்காலி இன்னும் இறுக்கிச் சுருண்டாள்.

முட்டைகள் வெடித்தன. பால்நிறக் குஞ்சுகள் நடக்கத் தெரியாமல் அவளையே பற்றிக்கொண்டன. அவற்றின் தோல் உரிந்து, நிறமேறி, கால்கள் உரம் பெறும்வரை அவள் அசையவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சருகுக்குள் ஓடின. கடைசிக் குஞ்சு மட்டும் நின்று, மெலிந்துபோன தாயின் முகத்தை உணர்கொம்பால் ஒருமுறை தடவிவிட்டுப் போனது. அந்தக் குஞ்சு வளர்ந்து தாயானபோது யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தானாகவே சுருண்டுகொண்டது.

அன்று முதல்தான், மின்னலாய் ஓடும் பூரான் சில நாட்களில் சருகைப் புரட்டினாலும் ஓடாமல் வளையமாகக் கிடக்கிறது. அந்த வளையத்துக்குள் அதன் பிள்ளைகள் இருக்கிறார்கள்.