ஆவுடை பாகு காய்ச்சிய மூன்று நாழிகை

கேளுங்கள் மக்களே! பாளையக்காரர்கள் ஆண்ட அந்தக் காலத்திலே, செம்மண் சீமை ஒன்றில் மாசானம் என்பவன் கடலைமிட்டாய் விற்றுப் பிழைத்து வந்தான். ஒரு சந்தை நாள். கூட்டம் கலைந்துவிடுமே என்ற பயத்தில், பாகு பதம் வருமுன்னே இறக்கிக் கடலையைக் கொட்டிவிட்டான்.

அந்த மிட்டாயைத் தின்றாள் பாளையக்காரரின் சின்ன மகள். பசை போலத் தொண்டையில் அப்பிக்கொண்டது. கண் செருகிவிட்டது. தாதி முதுகில் ஓங்கித் தட்டவும் கட்டி வெளியே விழுந்தது, பிள்ளை பிழைத்தாள்.

"பிசின் கலந்து விற்றிருக்கிறான். வெட்டுங்கள் வலக்கையை!" என்றார் பாளையக்காரர், மாசானத்தை இழுத்துவரச் செய்து.

மாசானத்தின் மனைவி ஆவுடை ஓடிவந்து காலில் விழுந்தாள்.

"சாமி, அவர்மேல் பிழை உண்டு. ஆனால் பிசின் கலக்கவில்லை. பதம் தப்பிய வெல்லம்தான் அப்படி ஒட்டும். மிச்ச வெல்லமும் கடலையும் வீட்டில் இருக்கிறது. உங்கள் கண்முன்னே செய்துகாட்டுகிறேன்."

பாளையக்காரர் யோசித்தார். "மூன்று நாழிகை தருகிறேன். ஒட்டாத மிட்டாய் வந்தால் அவன் கை தப்பும்."

பாளையக்காரர் ஆவுடையின் வீட்டு முற்றத்துக்கே வந்து அமர்ந்தார். அங்கே அடியில் ஊசித்துளையிட்ட செப்பு வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். அது ஒருமுறை மூழ்கினால் ஒரு நாழிகை. எதிரே மாசானம் கட்டுண்டு நின்றான். பக்கத்தில் அரிவாளோடு ஒரு சேவகன்.

ஆவுடை கடலையை வறுத்தாள், தோல் நீக்கிப் புடைத்தாள். வட்டில் ஒருமுறை மூழ்கியது.

வெல்லத்தைக் கரைத்தாள், மண் போக வடிகட்டி அடுப்பிலேற்றினாள். வட்டில் இரண்டாம் முறை மூழ்கியது.

பாகு கொதித்தது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டாள், கரைந்து போனது.

"நேரம் ஓடுது தாயீ, என் பிள்ளை கை போயிரும்!" என்று அலறி, மாமியார் இரண்டு விறகை அடுப்பில் திணித்தாள். பாகு சீறிப் பொங்கியது.

"வேண்டாம் அத்தை, கருகிரும்" என்று ஆவுடை அந்த விறகுகளை வெளியே இழுத்தாள். துடுப்பால் கிளறுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

அடுத்த சொட்டு மெழுகாய்க் குழைந்தது. "வட்டில் பாதி நிறைஞ்சாச்சு!" என்று சேவகன் கூவினான்.

அதற்கடுத்த சொட்டு சவ்வாய் விரலில் இழுபட்டது. "போதும் ஆவுடை, இறக்கிரு!" என்று மாசானமே கதறினான்.

கணவனின் குரல் நெஞ்சை அறுத்தது. ஆனாலும் அவள் இறக்கவில்லை.

வட்டில் முக்கால்வாசி நிறைந்த வேளை, இன்னொரு சொட்டை விட்டு உருட்டித் தட்டில் போட்டாள். 'டங்'கென்று கல்லைப்போல் ஒலித்தது!

கடலையைக் கொட்டிக் கிளறி, மாவு தூவிய பலகையில் தட்டி, சூட்டோடு கீறினாள். ஒரு வில்லையை விசிறியால் ஆற்றி நீட்டினாள். வட்டில் மூழ்கியது.

பாளையக்காரர் கடித்தார். 'மொறுக்'கென்று உடைந்தது, பல்லில் துளியும் ஒட்டவில்லை.

"பிசின் இல்லை. இவன் அவசரம்தான் என் பிள்ளை தொண்டையை அடைத்தது" என்றார். "அவிழ்த்துவிடுங்கள்."

கட்டு அவிழ்ந்ததும் மாசானம் மனைவியிடம் போகவில்லை. நேரே அரண்மனைக்கு நடந்து, அந்தச் சிறுமியின் முன் கைகூப்பி அழுதான்.

ஆகவே மக்களே, ஆபத்து கழுத்தை நெரிக்கும்போதும் பதம் வரும்வரை பொறுத்தவருக்கே காரியம் கைகூடும்.