முக்குளிப்பானுக்கு வால் போன கதை

பறவையும் மனிதனும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு பெரிய ஏரியில் நெடுவாலன் என்றொரு குட்டிப் பறவை இருந்தது. உடம்பு ஒரு பிடிதான். வாலோ இரண்டு முழம். வால் நனைந்துவிடுமே என்று அது தண்ணீருக்குள் தலையைக்கூட விடாது. மேலே மிதக்கும் பூச்சிகளைக் கொத்தித் தின்றுவிட்டு, வாலை விரித்துக்கொண்டு ஏரியைச் சுற்றிவரும். அலட்டலுக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

அந்த ஏரியின் மடையைத் திறந்து அடைக்கும் பேச்சிமுத்துவும் லேசுப்பட்டவன் இல்லை. கணுக்கால்வரை தொங்கும் எட்டு முழ வேட்டியோடுதான் தண்ணீரில் இறங்குவான். யாராவது கேட்டால், "நாலு பேர் பாக்குற இடத்துல தொடை தெரிய நிக்கச் சொல்றியா?" என்பான். இடுப்பளவுத் தண்ணீரில் அந்தக் கௌரவம் செல்லுபடியானது.

ஓர் ஐப்பசியில் ஏழு நாள் விடாத மழை. ஏரி தளும்பி, கரை மண் சரியத் தொடங்கியது. மடையை அடைத்திருந்த மரக்கட்டையைப் பிடுங்கி நீரை வெளியே விட்டால்தான் கரை பிழைக்கும். கரைக்குக் கீழே ஊர் இருந்தது. மடையோரக் கோரையில் நெடுவாலனின் மிதக்கும் கூடு இருந்தது, அதில் நான்கு முட்டைகள். கரை உடைந்தால் ஊரும் கூடும் சேர்ந்தே போகும்.

ஊரார் கரையில் கூடைகூடையாக மண்ணைக் கொட்ட, பேச்சிமுத்து ஏரியில் குதித்தான். வேட்டி உப்பிக்கொண்டு அவனை மேலேயே நிறுத்தியது. அதை அமுக்கி அமுக்கி ஒருவழியாகக் கீழே போனான். போன இடத்தில் வேட்டி முனை மடைக்கல்லில் சிக்கிக்கொண்டது. மேலே குமிழிகள் மட்டும் வந்தன.

பார்த்துக்கொண்டிருந்த நெடுவாலன் தலையைக் கவிழ்த்து முங்கப் பார்த்தது. வால் மிதந்துகொண்டு விடமாட்டேன் என்றது. உடனே கூட்டில் அடைகாத்த தன் பெட்டையிடம் போனது.

"என் வாலப் பிடுங்கு."

"என்ன பேச்சு இது? இதப் பாத்துத்தானே உன்னைக் கட்டிக்கிட்டேன்!"

"முட்டையப் பாத்துட்டுச் சொல்லு."

பெட்டை முட்டைகளைப் பார்த்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பு. உயிர் போகிற வலி. அழுவதற்கு நேரம் இல்லை. நெடுவாலன் விசுக்கென்று முங்கி, கலங்கிய நீரில் வேட்டி முனையைத் தேடிப் பிடித்துக் கொத்திக் கிழித்தது.

பேச்சிமுத்து மேலே வந்து மூச்சு வாங்கினான்.

"அண்ணே, முதல்ல அந்தத் துணியக் குறைங்க," என்றது நெடுவாலன்.

அவன் கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். பறவையின் பின்புறத்தையும் பார்த்தான். அங்கே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதற்குமேல் வேட்டிக்காக வெட்கப்பட அவனால் முடியவில்லை. பாதியைக் கிழித்து எறிந்தான். மிச்சத்தைக் கால்களுக்கு நடுவே வாங்கி, இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு முங்கினான். கட்டை பிடுங்கிக்கொண்டு வந்தது. நீர் மடை வழியாக வாய்க்காலுக்குப் பாய, கரை பிழைத்தது.

மழை விட்டபின், தண்ணீரில் தன் நிழலைப் பார்த்த நெடுவாலன் கோரைக்குள் ஒளிந்துகொண்டது. "வாலே இல்லாத நெடுவாலன்னு ஊரே சிரிக்கும்."

"அந்தப் பேரே இனி வேண்டாம்," என்றான் பேச்சிமுத்து. "முங்கிக் குளிச்சு என்னை மீட்டவன் நீ. உன்னை முக்குளிப்பான்னு கூப்பிடறோம். அந்தப் பேரை எனக்கும் கொஞ்சம் குடு. இந்தத் துணியையும் முக்குளிக் கச்சைன்னே சொல்லிக்கிறேன்."

நாலாம் நாள் குஞ்சுகள் பொரித்தன. ஒன்றுக்கும் வால் இல்லை. பெட்டை ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் அப்பனையே உரிச்சு வச்சிருக்கு," என்று பெருமையாகச் சொன்னது.

அந்த மழையிலிருந்துதான் முக்குளிப்பானுக்கு வால் முளைப்பதில்லை. ஆழத்தில் முங்குகிறவர்களும் துணியை வரிந்து கட்டிக்கொண்டே இறங்குகிறார்கள். யாராவது உற்றுப் பார்த்தால் இரண்டு பேருமே சட்டென்று தண்ணீருக்குள் மறைந்துவிடுவது, அன்றைக்கு மிச்சமான வெட்கத்தால்தான்.