பட்டியலில் ஆறு

"டீச்சர், என் வீட்டுக்குள்ள யாரோ பூந்துட்டாங்க," என்றாள் வடிவு. இடுப்பில் பாப்பா இருந்தாள்.

நஸ்ரீன் டீச்சர் வடிவை விட நாலு வயது சின்னவள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய வடிவுக்கு டைப் அடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். இப்போது வடிவு வீட்டிலிருந்தே டைப் வேலை பார்க்கிறாள்.

"யாருக்கா?"

"தெரியலையே. நம்ம வைஃபையில யார் யார் சேர்ந்திருக்காங்கன்னு போன்ல பார்க்கச் சொல்லிக் கொடுத்தீங்கள்ல? என் போன், அவர் போன், கம்ப்யூட்டர், தொட்டிலுக்கு மேல இருக்கிற கேமரா. நாலுதான் இருக்கணும். ஆறு காட்டுது."

டீச்சர் பேனாவை மூடி வைத்தாள்.

"மாடியில வேலை பார்க்கும்போது பாப்பாவை அந்தக் கேமராவிலதான் பார்த்துக்கிறேன். அதை இன்னொருத்தனும் பார்த்தா?" வடிவு பாப்பாவை இறுக்கிக்கொண்டாள். "எல்லாத்தையும் பிடுங்கிப் போடுங்கிறார் அவர். பிடுங்கினா என் வேலையும் போச்சு டீச்சர்."

"வாங்க, வீட்டைக் காட்டுங்க."

வடிவு காட்டினாள். வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு. பின்கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். ஜன்னலுக்குக் கொசுவலை.

"கொசுவலை எதுக்குக்கா?"

"அதுவும் இருக்கட்டும்னுதான்."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சரி, வைஃபை பாஸ்வேர்டு என்ன?"

வடிவு கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். டீச்சரின் காதருகே வந்து, வாயைக் கையால் மறைத்து, மெல்லச் சொன்னாள்.

"கேக்கலை."

மறுபடி சொன்னாள்.

டீச்சர் அவள் கையைப் பிடித்தாள். தெருமுனை வரைக்கும் விடவில்லை.

அங்கே போன மாதம் கட்டிய பேனர் இன்னும் நின்றது. பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்கு வடிவின் வீட்டுக்காரர் வைத்தது. பாப்பாவுக்குக் கிரீடம், கூலிங்கிளாஸ். கீழே வரிசையாகக் கைகூப்பிய மாமாக்கள்.

இடுப்பிலிருந்த பாப்பா தன்னையே பார்த்துக் கை கொட்டினாள்.

"பெரிய எழுத்தைப் படிங்கக்கா."

"இதழினி," என்று சத்தமாக ஆரம்பித்தாள் வடிவு. பிறந்த தேதிக்கு வந்ததும் குரல் இறங்கியது. வருஷத்தில் நின்றே போனது.

காதில் சொன்னதும் அதே பேர், அதே தேதி.

"இதை அவுத்துடலாமா டீச்சர்?"

"எதுக்கு? பாப்பா அழகா இருக்கா. இருக்கட்டும்."

வீட்டுக்குத் திரும்பினார்கள். பாப்பா தொட்டிலுக்குப் போனாள். பாஸ்வேர்டு மாற்றுகிற இடத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துவிட்டு, டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"அடிங்க."

"என்னன்னு அடிக்க டீச்சர்?"

டீச்சர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடிவு ரொம்ப யோசித்தாள். அடித்தாள். அழித்தாள். நீளமாக ஒன்றை அடித்தாள்.

பட்டியல் காலியானது. ஒவ்வொன்றாக அவளே திரும்பச் சேர்த்தாள். கேமராவைக் கடைசியில்.

நாலு.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலிலேயே நின்றது. கேமராவில் பாப்பா கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் திரும்பினாள். தன் போனை எடுத்தாள்.

"எனக்கு ஒரு மெயில் அனுப்பணும். நெட் தாங்கக்கா. என்ன போட்டீங்க, சொல்லுங்க."

வடிவு முந்தானையைத் திருகினாள். தரையைப் பார்த்தாள். இந்த டீச்சரிடம் அவள் இதுவரை எதற்கும் மாட்டேன் என்றதில்லை.

"டீ போட்டுத் தர்றேன் டீச்சர்," என்றாள். "அதை மட்டும் கேக்காதீங்க."

நஸ்ரீன் போனைப் பைக்குள் போட்டாள்.

"சர்க்கரை கொஞ்சம் தூக்கலா போடுங்கக்கா."