சிக்கல் இல்லாத கதை

சிக்கல் என்று ஒன்று இல்லாமல் கதையே கிடையாது என்று புலவர் ஜமீன்தாருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அரண்மனைத் தொழுவத்தில் சாணி அள்ளும் பேச்சித்தாய் ஓடிவந்து காலில் விழுந்தாள்.

"பயிரு கருகுது சாமி, மதகத் தொறந்துவிடுங்க."

"சிக்கலே இல்லாத கதை ஒண்ணு சொல்லு, திறக்கிறேன்" என்றார் ஜமீன்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு ஊர்ல மழ பெஞ்சுது, குளம் பெருகுச்சு, மதகு தொறந்துச்சு, நெல்லு வெளஞ்சுது, எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டாங்க."

"இதில் என்னைக் காணோமே?" என்றார் ஜமீன்தார்.

"நீங்க வந்தா சிக்கல் வந்துருமே சாமி!"

புலவர் தன்னை மறந்து சிரித்துவிட்டார். ஜமீன்தார் சிரிக்கவில்லை, மதகையும் திறக்கவில்லை.

அடுத்த பாடம், கதையின் முடிவு. ஜன்னலுக்கு வெளியே ஊரே சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு பஞ்சம் பிழைக்கப் போய்க்கொண்டிருந்தது.