மிளகும் துவைக்காத கைலியும்

ஒரு ஊர்ல ஒரு பூனை பீரோ மேலருந்து சரக்குன்னு குதிச்சு, தொறந்திருந்த வாசக் கதவப் பாத்து ஓடுச்சு.

"கதவு! கதவச் சாத்துங்க!"ன்னு கத்துனா சௌந்திரம். அவ வளக்குற பூனை அது. அவ வீட்டுக்காரர் வேலாயுதம், தலையில எண்ணெய் சொட்டச் சொட்ட ஓடி வந்து, முதுகாலயே கதவச் சாத்தி நின்னுட்டாரு. பூனை அவர் கால்ல முட்டித் திரும்பி, மறுபடி பீரோ மேல ஏறிடுச்சு.

பூனை பேரு மிளகு. ம் சொல்லு, கண்ணு.

"ம்."

அன்னைக்குத் தீபாவளி. விடியறதுக்கு முன்னாடியே தெருவுல வெடி. டமார்! டமார்! படபடபடபட! போன வருஷம் இப்படி ஒரு டமாருக்கு ஓடுன மிளகு, கார்த்திகை வரைக்கும் வரல. வந்தப்போ ஒரு பக்கம் மீசை பொசுங்கி இருந்துச்சு. இந்தத் தடவ வயித்துல குட்டி வேற. இப்ப ஓடுனா எந்தச் சாக்கடையில போய்க் குட்டி போடுமோன்னு சௌந்திரத்துக்குக் கவலை.

அப்புறம் அவ எல்லா ஜன்னலையும் சாத்துனா. கட்டில் மேலருந்து போர்வையத் தரை வரைக்கும் தொங்க விட்டா. அடியில இருட்டா, குகை மாதிரி ஆச்சு. மிளகு எறங்கி வந்துச்சு. போர்வைய மோந்து பாத்துச்சு. அச்சுன்னு தும்முச்சு. டமார்! திரும்ப பீரோ மேல.

அப்புறம் உள் ரூம்ல ஒரு அட்டப்பெட்டி வெச்சா. மிளகு தினம் படுக்குற பழைய சால்வைய உள்ள விரிச்சு, வெளிச் சத்தம் கேக்காம இருக்க ஃபேனக் கடகடன்னு ஓட விட்டா. மிளகு பெட்டிக்குள்ள ஒரு கால வெச்சுச்சு. மோந்துச்சு. கால எடுத்துடுச்சு.

"ஏன் அத்தை?"

சொல்றேன். அப்போ சௌந்திரம், நானே மடியில வெச்சுக்கறேன்னு அதத் தூக்கினா. மொடமொடன்னு புதுப் புடவை. ம்ர்ர்ர்னு உறுமி, பரக்குன்னு ஒரு கீறு!

"கடிச்சுச்சா?"

கீறுனதோட சரி. பயந்து போன பூனைய அமுக்கிப் பிடிக்கக் கூடாது, கண்ணு. அது கோவம் இல்ல, பயம்.

அந்த நேரம் பாத்து டொக் டொக். எதுத்த வீட்டுப் பரிமளம், அதிரசத் தட்டோட.

"அக்கா, ஜன்னல்ல குடுங்க. கதவத் தொறந்தா மிளகு ஓடிடும்."

"தீபாவளித் தட்ட ஜன்னல்லயா? நான் என்ன பால்காரியா, ஜன்னல்லயே குடுத்துட்டுப் போக?"

"கோவிக்காதீங்கக்கா."

"உன் பூனை பிள்ளை பெத்து எழுந்திரிக்கட்டும், உன்னப் பேசிக்கறேன்"னு சொல்லிட்டு, ஜன்னல் கம்பி வழியா ஒவ்வொரு அதிரசமா உள்ள தள்ளுனா பரிமளம். தட்டு நுழையல.

ம்?

"ம்..."

அப்போ வேலாயுதம் குளிச்சு, புது வேட்டி கட்டி வந்து தரையில உக்காந்தாரு. கைய நீட்டுனாரு. மிளகு கைய மோந்து பாத்துட்டுப் பின்வாங்குச்சு.

"இதுக்கு நம்மள அடையாளமே தெரியல, சௌந்திரம்."

"ஏன் தெரியாது?"

"என் மேல சீயக்காய் வாசனை. உன் மேல ஜவுளிக்கடை வாசனை. தீபாவளின்னு போர்வை, சால்வை, ஜன்னல் துணி எல்லாத்தையும் துவைச்சுப் போட்டுட்ட. தரையெல்லாம் பினாயில். நம்ம வீட்டு வாசனை எங்க இருக்கு?"

சௌந்திரம் சுத்திப் பாத்தா. எல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு.

வேலாயுதம் தலையச் சொறிஞ்சாரு. "ஒண்ணு இருக்கு. திட்டக் கூடாது."

அரிசி டிரம்முக்குப் பின்னாடி கைய விட்டு, தன்னோட பழைய பச்சைக் கைலிய உருவுனாரு.

"இதக் கிழிச்சுத் தரை தொடைக்கப் போட்டாச்சுன்னு சொன்னீங்க!"

"கிழிக்க மனசு வரல."

"துவைச்சு எத்தன நாளாச்சு?"

"அத இப்பக் கேக்காத."

சௌந்திரம் மூக்கப் பொத்திக்கிட்டு அத வாங்கி, பெட்டிக்குள்ள விரிச்சா. ரெண்டு பேரும் தள்ளிப் போய்ச் செவுத்துல சாஞ்சு உக்காந்தாங்க. யாரும் கூப்பிடல. கொஞ்ச நேரம் கழிச்சு மிளகு எறங்குச்சு. பெட்டிகிட்ட வந்துச்சு. மோந்துச்சு. நல்லா மோந்துச்சு. உள்ள போய், முன்னங்காலால கைலியப் பிசை பிசைன்னு பிசைஞ்சு, சுருண்டு படுத்துடுச்சு.

டமார்! காது மட்டும் துடிச்சுச்சு.

டமார்! அதுவும் இல்ல. கொர்ர்ர்... கொர்ர்ர்...

சௌந்திரம் பெருமூச்சு விட்டா. வேலாயுதம் உடைஞ்ச அதிரசத்துல பாதிய அவகிட்ட நீட்டுனாரு.

ம்?

"...ம்."

அப்புறம் மழை வந்து, வெடிச் சத்தம் எல்லாம் ஓய்ஞ்சு, அந்தக் கைலி மேலயே மிளகு மூணு குட்டி போட்டுச்சு. குட்டிங்க கண் தொறந்து, பெட்டிய விட்டு எறங்கி, வீடு பூரா ஓட ஆரம்பிச்சுதுங்க. அப்புறம் ஒரு நாள் சௌந்திரம் அழுக்குத் துணியெல்லாம் பக்கெட்ல போட்டுக் குழாயத் தொறக்கப் போனா. மேலயே பச்சைக் கைலி. அத எடுத்தா. உதறி, நாலா மடிச்சு, அரிசி டிரம்முக்குப் பின்னாடி சொருகிட்டு வந்து, குழாயத் தொறந்தா.

கதையும் அங்கயே சுருண்டுடுச்சு. நீயும் சுருண்டுக்க, கண்ணு.